கரும்பச்சைக் கொய்யா

தீபாவளிக்குக் கம்பெனி மூடினால் எங்களைப் போன்றவர்கள் தெற்கே ஊருக்கு பஸ் ஏறிவிடுவோம். அந்த வருடம் என் மனைவி ஊருக்கு வேண்டாம் என்றாள். கூட்டத்தில் இடிபட முடியாதாம். பதினெட்டு வருடமாக இடிபட்டுத்தானே போனோம், இப்போது மட்டும் என்ன வந்தது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் முந்தின வாரம் நான் செய்திருந்த காரியத்துக்கு, அவள் சொன்னதை மறுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான் பனியன் கம்பெனியில் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவன். அவள் அங்கேயே செக்கிங் டேபிளில் நிற்கிறவள். தைத்து வரும் சட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த வாரம் அவள் பார்த்து அனுப்பிய சட்டைக்கட்டுக்குள் எண்ணெய்க் கறையோடு ஏழெட்டுச் சட்டைகள் கிடந்தன. பெண்டாட்டி என்றும் பார்க்காத ஆள் என்று நாலு பேர் மெச்ச வேண்டுமே எனக்கு. எல்லார் முன்னாலும், "கண்ணை எங்க அடகு வச்சுட்டு வந்தே?" என்று கத்தினேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் டேபிள் பக்கமே வராதே என்றும் சொன்னேன். அவள் சட்டைகளை வாங்கி மறுபடி விரித்து, விரலால் தடவிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு ஓனரம்மாவின் அண்ணனுக்கு மடத்துக்குளம் பக்கம் கொய்யாத் தோப்பு. "லீவு முச்சூடும் ஊட்டுக்குள்ளயே கெடக்காதீங்க, ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க" என்று அந்த அம்மாதான் அனுப்பிவைத்தார்.

தோப்புக்காரர் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, என் மனைவியிடம் ஒரு கூடையை நீட்டினார். "வேணுங்கறத நீங்களே பறிச்சுக்குங்க அம்மிணி. கரும்பச்சைய மட்டும் தொட்டுப்போடாதீங்க, அது இன்னும் பத்து நாளாகோணும். வெளுத்து வந்திருக்கறதப் பறிங்க." அவர் மோட்டார் போடப் போனார். எல்லாம் கைக்கெட்டும் உயர மரங்கள். அவள் வரிசைக்குள் போனாள். நான் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, கோபம் தணிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடை நிறையக் கொண்டுவந்தாள். பழக்க தோஷம், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பழுத்தது இரண்டோ மூன்றோதான். மீதி அத்தனையும் கரும்பச்சை, கல் மாதிரி. "கண்ணை எங்க" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்த காயை வாங்கினாள். அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தி, தடவி, உருட்டினாள். அன்று சட்டையையும் அப்படித்தான் தடவினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கையைத் தாண்டி வந்த சட்டைகளில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாமே கறை.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"சித்திரையில இருந்து. எல்லாம் பனிமூட்டமாத் தெரியுது. டியூப்லைட்டுக்கு அடியில இன்னும் மோசம். ஓட்டைன்னா விரலுக்குத் தெரிஞ்சுரும். கறை தெரிய மாட்டேங்கு."

"ஏங்கிட்ட சொல்லலாம்லா?"

"யார்ட்ட? புருசன்ட்டயா, கியூசிட்டயா? சொன்னா மறுநாளே டேபிள விட்டு எறக்கிருவீங்க. வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

எறக்கியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில் சோறு தின்றும் அவள் கண்ணைப் பார்க்காத நான்தான் ஊரார் சட்டையில் குற்றம் பார்க்கிறவன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

தோப்புக்காரர் திரும்பி வந்து கூடையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஏனுங்க, அத்தனையும் காயாவே பறிச்சுப்போட்டீங்களே! யாருங்க பறிச்சது?"

அவள் தலை குனிந்தாள்.

"நான்தாங்க. பாக்காமப் பறிச்சுட்டேன்" என்றேன் நான்.

"கம்பெனியில குத்தம் கண்டுபுடிக்கறவருன்னு தங்கச்சி சொல்லுச்சு. மொதல்ல உங்க கண்ணக் காட்டோணுமாட்ட இருக்குதுங்க!" அவர் சிரித்தார். பக்கத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். போகும்போது நல்ல பழமாக ஒரு பை கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். உடுமலை தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கம்பெனியிலயும் நான்தான்னு சொல்லுவீங்களா?"

கம்பெனி திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.