ஒன்பது வருட ஒருசந்தி

போன புதன்கிழமை. காங்கேசன்துறைத் துறைமுகம். நாகப்பட்டினத்துக் கப்பலால் இறங்கி வரிசையில் நிற்கிறேன். சுங்க அதிகாரி என் பையைத் திறந்து கிளறினார். இரண்டு சேலை, செபமாலை, மருந்துச் சரை, சின்னச் சின்னப் பல் பிரஷ் ஒரு கட்டு. அவ்வளவுதான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அம்மா, இந்தியாவில இருந்து வேற என்ன கொண்டு வாறியள்?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காமச் சொல்லுங்கோ அம்மா."

"அதைத்தான் தம்பி காட்டுறன்..."

அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற என் மச்சாள் பிலோமினாவுக்குப் பொறுமை கிடையாது. "தம்பி, அவ கொண்டு வந்த சாமான் முழுக்க வாய்க்குள்ளதான் இருக்கு. கழட்டிக் காட்டவும் ஏலாது. ஆணி அடிச்சுப் பூட்டியாச்சு!" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தாமல்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். நாலு பேர் கூடினால் மூலையைத் தேடுகிறவள். பேச வெட்கம், அதனால் எழுதுகிறேன் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை உங்களிடமும் ஒளித்துவிட்டேன். எனக்குப் பல் இல்லை.

எப்படிப் போனது? தொழிலால் போனது. தீவுப் பக்கத்துக் கரம்பொன்னில் எங்கள் வீடு கடல் வீடு. என் மனுசன் கடலுக்குப் போவார், நான் கிழிந்த வலையைப் பொத்துவேன். அவர் செத்த பிறகும் பொத்தினேன். தங்கூசி என்கிற அந்த நைலோன் நூலை முடிச்சுப் போட்டு, பல்லால் பிடித்து இழுத்து இறுக்கி, பல்லாலேயே கடித்து அறுப்போம். கத்தரிக்கோலைத் தேடி எடுக்கிற நேரத்துக்குள் நாலு வலைக்கண் கட்டிவிடலாமே! எங்கள் கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். முன்பல்லில் நூல் ஓடி ஓடி வாய்க்கால் மாதிரிக் கிடங்கு விழும். பிறகு சொத்தை. பிறகு ஆட்டம். பிறகு ஒன்றுமில்லை.

கழற்றிப் பூட்டுகிற கட்டுப்பல் செய்து தந்தார்கள். மேல் வரிசை அடக்கமானது. கீழ் வரிசைதான் பொல்லாதது — நான் ஒரு பக்கம் மென்றால் அது மறுபக்கம் நடக்கும். ஒரு கலியாண வீட்டில், நிறைந்த பந்தியில், ஆட்டிறைச்சித் துண்டைக் கடித்தேன். இறைச்சி வாய்க்குள் நின்றது. பல் வாழையிலைக்கு வந்துவிட்டது. கறி விட வந்தவ அகப்பையைத் தூக்கியபடி அப்படியே நின்றா. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். இனிப் பிறர் முன்னால் சாப்பிடுவதில்லை!

ஆனால் தீவில் பந்தியில் உட்காராமல் இருக்க முடியுமா? கலியாணம், செத்த வீடு, கோயில் பெருநாள்... "ஏன் சாப்பிடேல்லை?" என்று ஆயிரம் கேள்வி வரும். வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் ஒருசந்தி. நேர்த்தி வைச்சிருக்கிறன்."

ஒருசந்தி என்றால் ஒரு நேரம் மட்டும் உண்டு விரதம் இருப்பது. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் சனம் பிறகு வற்புறுத்தாது. கைக்குத் தேசிக்காய்த் தண்ணீர், அதுதான் எலுமிச்சைச் சாறு, வந்தது. மரியாதையும் வந்தது! ஒரு வருடம், இரண்டு வருடம்... ஒன்பது வருடம் ஓடிவிட்டது. "ரெஜினாக்காவின்ர பக்தி ஆருக்கு வரும்?" என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, கரைத்த சோற்றைக் கரண்டியால் குடிப்பேன். பக்தி!

போன வருடம் ஒருநாள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய், நாடி மூக்கைத் தேடிக்கொண்டு மேலே வந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. முகத்தின்மேல் இல்லை, அந்தப் பொய்யின்மேல்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மேல் தாடையில் நாலு, கீழ்த் தாடையில் நாலு ஸ்குரூ ஆணி இறக்கி, அதன்மேல் முழு வரிசையையும் கழற்ற முடியாதபடி பூட்டலாம் என்றார். ஆணி இரண்டு மட்டும் போட்டு, அழுத்திப் பூட்டிக் கழற்றுகிற செட்டும் இருக்கிறதாம், அது சுகமான வழியாம். "கழலுமோ?" என்று கேட்டேன். "இரவில கழட்டி வைக்கவேணும்" என்றார். அப்படியானால் வேண்டாம். கழலுகிற எதிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கொழும்பிலும் செய்வார்கள். ஆனால் மச்சாளின் மூத்த மகள் திருச்சியில் இருக்கிறாள், அகதியாகப் போய் அங்கேயே கலியாணம் செய்தவள். தங்க வீடு, கஞ்சி வைத்துத் தர ஆள், இரண்டு தெரு தள்ளி ஒரு பல் கிளினிக். கொழும்பில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கனடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் சொன்னேன்.

"அம்மா, எழுபத்தொரு வயசில உங்களுக்கு என்னத்துக்கு இது? இடியப்பம், புட்டு, சொதி... மெல்லவே தேவையில்லையே. நான் ஒரு நல்ல மிக்சி அனுப்புறன்."

"மிக்சியைக் கோயில் பந்திக்குக் கொண்டு போகவோ?"

"சீனி வருத்தமும் இருக்கு. பிறநாடு. கடல். ஏதும் ஒண்டு நடந்தா?"

"நீ தலைமயிர் நட துருக்கிக்குப் போகேக்க நான் இதெல்லாம் கேட்டனானோ?"

மகன் தொப்பியைச் சற்று முன்னுக்கு இழுத்துவிட்டான்.

காசு? என்னுடையது. அதற்குமேல் இந்தப் பத்தியில் எழுதமாட்டேன்.

திருச்சி டொக்டர் ஒரு இளம்பெண். "பயப்படாதீங்க பாட்டி" என்றாள். பயப்படவில்லை, பாட்டி என்றதுதான் பிடிக்கவில்லை. ரெஜினா என்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். இரத்தத்தில் மூன்று மாதச் சீனிக் கணக்கு, எலும்பு ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் பார்த்தாள். நானும் கேட்டேன். எத்தனை தரம் வரவேண்டும்? ஆணி இளகினால் யார் பொறுப்பு? நான் ஊருக்குப் போன பிறகு யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் இதைப் பார்க்கவேண்டி வந்தால் என்ன வகை ஆணி என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கச் சொல்லி எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை. வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கும்போது என் மனுசன் கேட்கிற கேள்விகள்தானே இவை! டொக்டர் எல்லாவற்றையும் எழுதித் தந்தாள்.

பல்லின் நிறம் தெரிவு செய்ய ஒரு அட்டை. மச்சாள் மங்கலான நிறத்தைத் தொட்டாள். "இதை எடும். வயசுக்குப் பொருந்தும். ஆருக்கும் தெரியாது."

"ஆருக்கும் தெரியாத பல்லுக்கு நான் ஏன் மச்சாள் கடல் தாண்டி வந்தனான்?" என்று கேட்டுவிட்டு வெள்ளைப் பக்கமாக இரண்டு தள்ளித் தொட்டேன்.

ஆணிகள் இறங்கின. வலித்தது, மறைக்கவில்லை. அவற்றின்மேல் தற்காலிகப் பல் வரிசை பூட்டினார்கள். எலும்பு ஆணியைப் பிடிக்க மாதக்கணக்கில் எடுக்கும், அதுவரை மெத்தென்ற சாப்பாடு மட்டும், கடினமான எதையும் கடிக்கக்கூடாது என்று ஒரு தாள் நிறைய எழுதித் தந்தார்கள். காய்ந்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் கூடாது, முறுக்கு கூடாது, நண்டு ஓடு கூடாது என்று நானே கீழே சேர்த்து எழுதினேன்.

சேர்க்க மறந்தது ஒன்று.

ஊருக்கு வந்து இரண்டு மாதம். ஒரு பின்னேரம் முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தேன். கை முடிச்சைப் போட்டது. வாய் தானாகத் திறந்தது. தங்கூசியைக் கடித்து இழுத்தேன்.

டக்.

ஐம்பது வருடப் பழக்கம். பல்லில்லாத காலத்தில் கத்தியால் அறுத்ததெல்லாம், வாயில் பல் வந்ததும் மறந்துபோனது. மூளையைக் கேட்டா வரும்?

முன்பல் ஒன்று மடியில் கிடந்தது. வரிசையில் கீறல். கீழ்த் தாடையில் ஒரு ஆணிப் பக்கம் விண்விண் என்று வலித்தது. ஆணி இளகிவிட்டதா? முழுதும் வீணா? மகன் என்ன சொல்வான்... ஊர் என்ன சொல்லும்... திரும்பவும் கரைத்த சோறா? நான் செய்தது என்ன தெரியுமா? யாருக்கும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு, சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனேன். மூன்று நாள்.

நாலாம் நாள் மச்சாள் பின்கதவால் வந்து என் கையை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன, திரும்ப ஒருசந்தியோ?"

ஒன்பது வருடமும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

"வாயைத் திறவும்," என்று போனில் படம் எடுத்தாள். திருச்சிக்கு அனுப்பினாள். உடனே டொக்டரின் குரல் வந்தது. "என்னத்தக் கடிச்சீங்க ரெஜினாம்மா?"

சொன்னேன்.

திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, "உங்க ஊர்ல கத்தரிக்கோலே கிடையாதா?"

யாழ்ப்பாணத்தில் படம் எடுத்து அனுப்பினோம். ஏழு ஆணி நன்றாக நிற்கிறது, ஒன்றில் சந்தேகம், பாரம் கொடுக்காமல் பொறுத்துப் பார்ப்போம் என்றாள் டொக்டர். உடைந்த வரிசையை இங்கேயே ஒட்டித் தந்தார்கள். நாலு மாதம் என்றது ஏழு மாதமாகியது. கஞ்சி, கூழ், மசித்த மீன். மகன் ஒருநாள், "நான் அப்பவே சொன்னனான்..." என்று தொடங்கினான். "சொன்னனீ. நான் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை," என்றேன்.

போன மாதம் திரும்பக் கப்பல் ஏறினேன். டொக்டர் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எட்டாவதில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள். நான் செபமாலையில் எந்த மணியில் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"பிடிச்சிருக்கு ரெஜினாம்மா."

நிரந்தரப் பல் பூட்டியாயிற்று. புதன்கிழமை சுங்க அதிகாரிக்கும் காட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பெருநாள். பூசை முடிந்து பந்தலில் பந்தி. வழக்கமான மூலைக்கு என் கால் தானாகப் போனது. நான் போகவிடவில்லை. நடுவரிசையில் போய் உட்கார்ந்தேன். சோறு பரிமாறிய செல்வராணி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி வரும்போது அவள் கையில் தேசிக்காய்த் தண்ணீர்.

"பிள்ளை, எனக்குச் சோறு போடும்."

"என்ன ரெஜினாக்கா, இண்டைக்கு ஒருசந்தி இல்லையோ?"

அவள் குரல் பெரிது. பந்தி முழுக்கத் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் மச்சாள் என் துடையில் கிள்ளினாள். "நேர்த்தி நிறைவேறிட்டுது எண்டு சொல்லும்," என்று மெல்லச் சொன்னாள்.

சொல்லியிருக்கலாம். மரியாதையும் மிஞ்சியிருக்கும், சோறும் கிடைத்திருக்கும். ஒருவேளை இன்னும் கொஞ்சம் பக்திப் பெயரும் வந்திருக்கும். ஆனால் இந்த வாயைத் திறப்பதற்குத்தானே இவ்வளவு பாடு! திறந்து திரும்பவும் பொய்யா?

"ஒன்பது வருசமும் நேர்த்தி ஒண்டும் இல்லைப் பிள்ளை. பல்லில்லை. வெக்கத்தில பொய் சொன்னனான். இப்ப பல்லிருக்கு. சோறு போடும்... நண்டுக் கறியும் விடும்."

செல்வராணி வாயைப் பிளந்து நின்றாள். அவளுக்கு நல்ல பல். வரிசையில் யாரோ, "அப்ப நாங்கள் உங்களைப் புனிதை எண்டெல்லோ நினைச்சம்!" என்றார்கள். இப்போது சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். அந்தக் கலியாண வீட்டில் வராமல் போன சிரிப்பு இப்போதுதான் வந்து சேர்ந்தது. நான் நண்டுக் காலைக் கையால் உடைத்தேன் — ஓட்டைக் கடிக்கக் கூடாதே! — சதையை எடுத்து மென்றேன். இந்தப் பக்கமும் மென்றேன், அந்தப் பக்கமும் மென்றேன். எதுவும் நடக்கவில்லை. அதுதான் அதன் அழகு. ஒன்றுமே நடக்கவில்லை!

வயது போன பெண்ணுக்கு எது தேவை, எது ஆடம்பரம் என்று முடிவு செய்ய எவ்வளவு பேர் வருகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி போட்டால் தேவை. ஊன்றுகோல் வாங்கினால் தேவை. பல் வைத்தால் மட்டும், "ஆருக்குச் சிரிக்க?" எனக்குத்தான். எனக்குச் சிரிக்க. இது எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு இடம்கொடுக்கவேண்டும், சீனி அடங்கவேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் வயதைச் சொல்லி என்னை மறிக்க வராதீர்கள். அந்தக் கதவை நான் பூட்டிவிட்டேன், பல்லைப் பூட்டியது மாதிரியே.

என் வலைக் கூடையில் இப்போது ஒரு கத்தரிக்கோல் கிடக்கிறது. தங்கூசியால் கூடையோடு கட்டி வைத்திருக்கிறேன், தேடவேண்டாம் என்று.

இன்னொன்று. திங்கட்கிழமை காலையில் ஒருத்தி பின்கதவால் வந்தாள், வாயில் சேலைத் தலைப்போடு. டொக்டரின் நம்பர் வேண்டுமாம். மத்தியானம் இன்னொருத்தி. பின்னேரம் இரண்டு பேர் சேர்ந்து. நாலு பேருமே எங்கள் கோயிலில் பெயர்போன ஒருசந்திக்காரிகள்.

வருகிற பெருநாளுக்கு எங்கள் ஊரில் பக்தி கொஞ்சம் குறையும். பங்குச் சுவாமி என்னை மன்னிக்கவேண்டும்... சோறு கூடுதலாகப் போடச் சொல்லவேண்டும்.