எழுத்து தேயாத கீபோர்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, அக்கா போன பிறகு அவள் பெண்ணையும் சேர்த்துக்கொண்டது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஆனாலும் ஆரணியில் எங்கள் தெருவில் யார் எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டுவார்கள். அந்தப் பெருமையோடுதான் இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில் என் பேத்திக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பினேன்.

அவள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கம்ப்யூட்டரையும் வியாபாரத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஒரு இன்ஜினியரிங் படிப்பு இருக்கிறதாம், அதுதான் வேண்டும் என்றாள். அவள் மார்க்குக்கு அந்தப் படிப்பு கிடைக்கக்கூடிய கல்லூரிகள் என்று பக்கத்தில் இரண்டு தேறின. எது முதல், எது இரண்டாவது என்று வரிசை போட்டு கவுன்சலிங்குக்கு அனுப்ப வேண்டும். முதலில் போட்டது கிடைத்துவிட்டால் அதோடு சரி, நான்கு வருடம் அங்கேதான். அனுப்புவதற்கு மூன்று நாள்தான் பாக்கி.

என் மகன், அமாவாசைக்குத் தறி லீவு, அன்றைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றான். அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டு முதலாளி தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் தறியை விட்டு எழுந்திருக்க வழியில்லை.

"பார்க்காம எதையும் எழுதி அனுப்பக் கூடாது. நான் இட்டுகினு போறேன்" என்றேன்.

"நீ போய் இன்னாம்மா பார்ப்ப?"

"சாமானைப் பார்க்கத் தெரிஞ்சவளுக்குக் காலேஜைப் பார்க்கத் தெரியாதா? நீ தறியைப் பாரு."

எனக்குள் ஒரு யோசனை இருந்தது. ஓடுகிற தறியில் கை படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று மின்னும். சும்மா கிடக்கிற தறி சொரசொரப்பாகவே இருக்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

முதல் நாள் செய்யாறு பக்கம் போனோம். அங்கே ஒரு சார் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து காட்டினார். நான் நேராகப் போய் கீபோர்டுகளைக் குனிந்து பார்த்தேன். பாதி எழுத்து அழிந்து, பொத்தான்கள் பளபளத்தன. பிள்ளைகள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று என் மனம் அப்போதே முடிவு செய்துவிட்டது.

மறுநாள் வேலூர் பக்கம். அந்தக் கல்லூரியில் வேப்பமரமும் நிழலுமாக இடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறைக்குள் போனால் ஒவ்வொரு பொத்தானிலும் எழுத்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கை பட்ட அடையாளமே இல்லை. மூலையில் நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தி அவர்களிடம் ஏதோ கேட்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆரணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. "கம்ப்யூட்டரெல்லாம் ஷோவுக்கு வாங்கி அடுக்கி வெச்சிருக்கானுங்க. ஒருத்தன் கை வெக்கல. செய்யாறையே மொதல்ல போடு" என்றேன். பேத்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

கல்லூரி வாசலில் எங்களோடு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் அந்தக் கல்லூரி அட்டை தொங்கியது. "எங்க காலேஜையா ஆயா சொல்றீங்க? அதான் எங்க லேபு. நான் மூணாவது வருஷம்."

"கீபோர்டு எல்லாம் புத்தம் புதுசா இருக்குதே கண்ணு."

"போன வாரம்தான் மாத்துனாங்க. பழசுல எழுத்தே தெரியல, தடவித் தடவி அடிச்சிகினு இருந்தோம். எழுத்து அழிஞ்சிருந்தா நல்ல காலேஜுன்னா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கிப் போட்டாலும் அழிஞ்சிதான ஆயா இருக்கும்?" என்று சிரித்தாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பேத்தி மெதுவாகச் சொன்னாள். "பழசையெல்லாம் கதவுக்குப் பின்னால பொட்டில போட்டு வெச்சிருந்தாங்க ஆயா. நான் பார்த்தேன்."

"பார்த்தியா? ஏன்டி சொல்லல?"

"நீ முடிவு பண்ணிட்ட. அதுக்கு மேல நம்ம ஊட்ல யார் பேசறாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமாக நடப்பதைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் என்னை வாட்டியது. நான்கு வருடம் படிக்கப் போகிறவள் அவள். நான் இழுத்த இழுப்புக்கு அவள் வாயே திறக்காமல் வந்திருக்கிறாள்.

கண்ணமங்கலம் வந்தது. அந்தப் பெண்ணின் ஊர் அதுதான், இறங்கினாள். நானும் எழுந்தேன். "எறங்குடி. திரும்பிப் போலாம்."

"இப்பவா? அப்பா தேடும் ஆயா."

"தேடட்டும். அனுப்பறதுக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது."

எதிர்ப் பக்கம் போய் வேலூர் பஸ்ஸுக்கு நின்றோம். அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு வந்து நின்றாள். போன் எடுத்து, "அம்மா, சோத்தை மூடி வை. லேட்டாவும்" என்றாள். நீ எதுக்குக் கண்ணு என்றேன். "ஆபீஸ்ல உங்களை மறுபடியும் உள்ள உட மாட்டாங்க. நான் இட்டுகினு போறேன்" என்றாள். முன்பின் தெரியாத பெண். அவள் கல்லூரியை நான் அவ்வளவு ஏசியதைக் கேட்டவள்.

இந்த முறை நான் கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். "உனக்கு இன்னா வேணுமோ கேளு. நான் வாய் தொறக்க மாட்டேன்" என்று பேத்தியை உள்ளே அனுப்பினேன். மளிகைக் கடையில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முன்னாலேயே சொல்கிற ஒன்றைப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்தார்களாம். காட்டினார்கள். அப்போது பேத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்க ஊட்ல அடுத்த சேலைக்கு இன்னா கலர்னு முதலாளி சொல்வாரு. அவருக்கு யார் சொல்றாங்க? அதை இதுல கண்டுபுடிக்க முடியுமா?"

ஒரு மணி நேரம் பேசினார்கள். இந்தப் படிப்பு எதற்கு என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. வாசலில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து மகனிடம், "நான் பார்த்தது தப்பு. அவ சொல்றதை மொதல்ல போடு" என்றேன். அவன் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்படி நான் சொல்லி அவன் கேட்டதில்லை.

அவள் முதலில் போட்ட வேலூர் பக்கத்துக் கல்லூரியே கிடைத்தது. இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவளும் அவள்தான். பார்த்தாலே எனக்குத் தெரியும் என்று இன்றைக்கும் சொல்லிவிடுகிறேன், பழக்கம் விடுமா? ஆனால் சொன்ன பிறகு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன்.

எங்க, படிச்சிக் காட்டுடி. உன் கையைப் புடிச்சி இழுத்துகினு வந்தேனே, அந்த எடத்தை உட்டுட்டு எழுதினியான்னு பார்க்கணும்.