சலூன்காரரின் சிவந்த கன்னம்

ஊசி போட்டுப் போட்டு சலூன்காரரின் ரத்தம் அவர்மீதே பாய்கிறது, அவர் கத்தி பட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. கிளப்பிவிட்டவர்களே மறுநாள் தாடியோடு அலைந்தார்கள். விசாரித்ததில் பின்பாதி சுத்தப் புளுகு. முன்பாதியில்தான் சங்கடம், கொஞ்சம் உண்மை இருந்தது.

மூட்டுவாதத்தில் விரல்கள் மரக்கட்டையாகிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கிடந்தவரை மறுபடி கடை திறக்க வைத்ததே அந்த ஊசிதான். அதுவே சிலருக்குச் சொந்த உடம்பைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களையும் உண்டாக்கிவிடும். பெரும்பாலும் அவை வாலாட்டுவதில்லை. வாலாட்டினால் முகம் சிவந்து தடிக்கலாம், அப்போது ஊசியை நிறுத்தியாக வேண்டும். இவர் ரத்தத்தில் அவை இருப்பது தெரிந்துவிட்டது. இரண்டு கன்னமும் வேறு சிவந்திருந்தன. கடைப் பவுடரை அப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

"முகத்துல தடிப்பு, சிவப்பு ஏதாவது?" என்றார் டாக்டர்.

"கண்ணாடி முன்னாடியே நிக்கிற பொழப்பு டாக்டர். இருந்தா எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் இருந்த மனைவி கைக்குட்டையை எடுத்து அவர் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். "நாடகத்துல நடிக்கவா வந்திருக்கீங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஊசி இப்போதைக்கு வேண்டாம்."

வராந்தாவில் சலூன்காரர் வெடித்தார். "அதுக்கு என் கையை வெட்டிப் போட்டிருக்கலாமேடி!" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மறுபடி உள்ளே போனாள். "டாக்டர், கடைக்குப் புது லோஷன் எது வந்தாலும் மொதல்ல தன் கன்னத்துலதான் தேச்சுப் பாப்பாரு. கஸ்டமருக்கு எரியக் கூடாதாம். போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு."

டாக்டர் லோஷனுக்குத் தடை போட்டார், இன்னும் ரத்தம் எடுத்தார், இரண்டு வாரம் கெடு வைத்தார். அந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்தவுடன் சலூன்காரர் கன்னத்தைப் பார்ப்பார், பிறகு விரலை மடக்கிப் பார்ப்பார். கன்னம் வெளுக்க வெளுக்க விரல் இறுகியது. கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள்.

"எதிர்ப்பொருள் இருக்கு, அதால வர்ற நோய் இல்ல" என்றார் டாக்டர், புது ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு. "சிவப்பு லோஷனாலதான். ஊசி தொடரலாம். இனிமே எது வந்தாலும் மறைக்காதீங்க."

திரும்பும் வழியில் அவர் குழைந்தார். "ஊசி போட்டு விரல் சரியானதும் உனக்குத் தலைக்கு மசாஜ் பண்ணி விடட்டுமா?"

"மசாஜ் வேற, மன்னிப்பு வேற. வராந்தாவுல கத்தினீங்களே?"

"கேக்கறேன், கேக்கறேன். கடையில ஆள் காத்துக்கிட்டிருப்பாங்க."

விரல் இறுகியதிலிருந்து கடை பூட்டியேதான் கிடந்தது, காத்திருக்க ஆளே இல்லை. அவள் சாவியை எடுத்து நீட்டினாள்.