முதுகு காட்டி நின்ற நேரம்

போன வருட மழைக்காலம். பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி மண்டபத்தில் பெண்களுக்கான டேக்வாண்டோ வகுப்பு. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டொக்டர் சொல்ல, வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்து அலுத்துப்போய் அங்கே சேர்ந்தவள் நான்.

அன்று மஞ்சள் பெல்ட்டிலிருந்து பச்சைக்குப் போகும் சோதனை. முதலில், வகுப்பு நடத்தும் மாஸ்டரின் வாய்மொழிக் கேள்விகள். வெள்ளை ஒன்றும் அறியாத நிலை, மஞ்சள் விதை விழும் மண், பச்சை முளைவிடும் பயிர். பணிவு, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என்று சுவரில் எழுதியிருந்த ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். சண்டை நடுவில் உடுப்பைச் சரிசெய்ய வேண்டி வந்தால்? எதிரே நிற்பவருக்கு முதுகைக் காட்டித் திரும்பித்தான் சரிசெய்ய வேண்டும், மற்றவரும் அதேபோல் திரும்பிக் காத்திருக்க வேண்டும், அது மரியாதை என்றேன். முழுப் புள்ளி. முதுகு காட்டுவது மானக்கேடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு சண்டை. எனக்கு எதிரே, கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய கால் என் நெஞ்சுக் கவசத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. என்னுடையது காற்றில் போனது. பச்சை பெல்ட்டோடு வருவேன் என்று ஒஃபிஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். என் வாய் சும்மா இருக்காதே. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் கவச நாடா அவிழ்ந்தது. மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் திரும்பினார். நான் திரும்பவில்லை. அந்த முதுகில் ஓங்கி உதைத்தேன்.

முழங்கால் அடிபட விழுந்தார். "ஐயோ, எனக்குக் கேக்கேல்லை" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் எனக்குக் கேட்டது.

மாஸ்டர் என் புள்ளியைக் குறைத்தார். தன்னால் ஏலும் என்று அந்தப் பெண் சொல்ல, மறுபடி தொடங்கினோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பதற்றத்தில் ஒழுங்காகக் கட்டாத என் பெல்ட் கழன்று காலடியில் விழுந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தபடியே அதைக் கட்டப் போனேன்.

"திரும்புங்க" என்றார் மாஸ்டர்.

திரும்பினேன். முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது. இப்போது உதை விழும், இப்போது விழும் என்று முதுகு முழுக்கக் கூசியது. விழுந்தாலும் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

ஒன்றும் விழவில்லை. கட்டி முடித்துவிட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டியபடி, கைகளைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சண்டை முடிந்ததும் மாஸ்டரிடம் போய், நிறுத்தச் சொன்னது கேட்டது என்று சொல்லிவிட்டேன். பச்சை பெல்ட் வரவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "எப்பிடித் தங்கச்சி என்னை நம்பித் திரும்பி நிண்டனீங்கள்?"

"நம்பல்ல அக்கா. பயமாத்தான் இருந்திச்சு" என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே. "ஆனா நீங்க பெல்ட் கட்டி முடிக்கணுமே."

அடுத்த சோதனையில் பச்சை கிடைத்தது. நிறங்களின் அர்த்தத்தை இப்போது கேட்டாலும் ஒப்புவிப்பேன். ஆனால் எதிரே நிற்பவர் உடுப்பைச் சரிசெய்யத் திரும்பும் ஒவ்வொரு தடவையும், நானும் திரும்பி நின்று, முதுகு கூசுவதைப் பொறுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கும் அன்று இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.