பாலைவன ஊரின் கைவண்டி

1. தொப்பி

மெடம் அந்தத் துணித் தொப்பியை என் தலையில் வைத்து, நாடாவை நாடியின் கீழ் முடிந்து பார்த்த அன்று, என் வேலை இத்தோடு போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். சமையலுக்குப் போன வீடுகளில் ஏச்சு வாங்கியிருக்கிறேன். உப்புக் கூடியதற்குக் கோப்பையைத் தள்ளியிருக்கிறார்கள். வேஷம் கட்டச் சொன்ன வீடு அது ஒன்றுதான்.

வீடு ஓர்ஸ் ஹில்லில். இருந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி. மோர்மன் சபைக்காரர். பென்ஷனுக்குப் பிறகு தங்கள் சொந்தச் செலவில் சபை வேலைக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன் ஹோலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருபது பேரளவில் கும்பிடுவார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள். சபைக்கு வா என்று என்னை ஒரு நாளும் நெருக்கவில்லை. அந்தக் குசினிக்குள் தேயிலையும் கோப்பியும் வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். நான் தேத்தண்ணியை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போவேன்.

குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை செய்ததால் எனக்குக் குசினி இங்கிலிஷ் தெரியும். மெடம் கதைத்ததை நான் விளங்கிக்கொண்ட மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

2. வாய்க்கால்

மெடம் பாண் சுடுவதற்கு மாப் பிசையத் தொடங்கினால் ஊர்க் கதையும் தொடங்கிவிடும். அவருடைய ஊர் அரிசோனாப் பாலைவனத்தில், மேசா.

"மேசையோ?" என்று மேசையைத் தட்டிக் காட்டினேன்.

"ஓம், அதேதான்!" என்று சிரித்தார். தட்டையான மேட்டு நிலத்தில் இருப்பதால் அந்தப் பேராம்.

மெடத்தின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய், சின்னப் பெண்ணாய்க் கைவண்டிக்குப் பின்னால் நடந்து மலை கடந்தவர். இருந்த இடங்களில் இருக்க விடாமல் விரட்டப்பட்ட சபைச் சனம், முதலில் உப்பு ஏரிப் பக்கம் போய்க் குடியேறியது. பூட்டி கலியாணம் முடித்த பிறகு, சில குடும்பங்களோடு மாட்டு வண்டியில் தெற்கே பாலைவனத்துக்கு வந்தார்கள். ஆறு கீழே ஓடுகிறது, நிலம் மேலே காய்ந்து கிடக்கிறது. அங்கே மண் மூடிக் கிடந்த பழைய வாய்க்கால்களைக் கண்டார்கள். எப்போதோ வேறொரு சனம் வெட்டியவை. அவற்றைத் துப்புரவாக்கித் தண்ணீரை ஏற்றினார்கள். வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாய்ச்சினார்கள். முதலில் கூடாரம், பிறகு மண்கல் வீடு, பிறகு அகலமான வீதி, பள்ளிக்கூடம், ஆலயம். இப்போது பெரிய நகரமாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "குவைத்தில பாலைவனம் பாத்தனான் மெடம். எண்ணெய்க் காசு இல்லாட்டி அங்க ஒரு வேம்பும் நிக்காது."

"எங்களிட்ட காசு இருக்கேல்ல, மண்வெட்டிதான் இருந்தது."

"அப்ப, அந்த வாய்க்கால வெட்டின சனம் எங்க போனது?"

மாப் பிசைந்த கை நின்றது. "ஊரை விட்டுப் போயிட்டினம். ஏனெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அவையின்ர வழியில வந்த ஆக்கள் அந்தப் பக்கம் இப்பவும் இருக்கினம்."

அன்று முழுக்க எனக்கு அந்தச் சனத்தின் யோசனைதான். வெட்டின வாய்க்காலை விட்டுவிட்டு ஒருவர் சும்மா எழும்பிப் போவாரா?

3. கச்சான்

ஜூலை மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் அடித்தது. கதவு நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது, குசினி முழுக்கப் புழுதி. ஒரு இடத்தில் இருக்க முடியாத காலம் அது. அந்த நேரத்தில்தான் மெடம் நாடகத் திட்டத்தைக் கொண்டு வந்தார். முன்னோர் வந்து சேர்ந்ததை நினைத்து ஆண்டுதோறும் அவர்கள் ஊரில் கைவண்டி இழுத்து நடப்பார்களாம். இங்கேயும் செய்ய வேண்டும். சந்தையிலிருந்து ஒரு மரக்கறி வண்டியை வாடகைக்குப் பேசியாயிற்று. கப்பல்துறையில் சபைக்காரர் ஒருவரின் வெட்டை நிலத்தில் நடை. பெண்களுக்கு நீளப் பாவாடை, தொப்பி.

"பூமணி, நீயும் வா. வீட்டை விட்டு வந்த தாயாக நீ வண்டிக்குப் பின்னால் நட," என்றார். அப்போதுதான் தொப்பியைத் தலையில் வைத்தார்.

நான் நாடாவை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

பக்கத்தில் ரஞ்சினி டீச்சர் நின்றார். சபையில் மொழிபெயர்ப்பவர் அவர்தான். பாலையூற்றில் வீடு. சாறியில் ஒரு மடிப்புக் கலையாது, குரல் உயராது. எனக்கு அவரைப் பிடிக்காது, உண்மையைச் சொல்லுகிறேன். கஷ்டம் என்றால் கறுப்பா வெள்ளையா என்று தெரியாத மனுஷி என்பது என் எண்ணம்.

"டீச்சர், நீங்கள் மெடத்துக்குச் சொல்லுங்கோ. சண்டை நேரம் மூதூர்ப் பக்கத்தால மாமியார மீன் வண்டியில வச்சுத் தள்ளிக்கொண்டு வாகரைக்கு வெளிக்கிட்டனான். மனுஷி வெருகல் மட்டும்தான் வந்தவ. எனக்கு இதை விளையாட ஏலாது."

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெடத்திடம், பூமணிக்கு வெயிலில் நடப்பது கஷ்டமாம், சமையல் வேலையும் இருக்கிறதாம் என்று சொன்னார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான் சொன்னது அதில்ல!"

"அக்கா, வேலையக் கெடுத்துக்கொள்ளாதையுங்கோ," என்றார் மெதுவாக.

"என்ர வேலைய நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் உங்கட வேலைய ஒழுங்காச் செய்யுங்கோ." மெடம் பக்கம் திரும்பி, என் வண்டி நாடகமில்லை, உண்மை என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். "மெடம், மை கார்ட் நோ ட்ராமா. மை கார்ட் ட்ரூ. மை மதர் இன் லோ, டை. இன் தி ரோட்."

மெடத்தின் முகம் வெளுத்தது. மேசையில் கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். டீச்சரும் போய்விட்டார்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். மெடம் வந்தால் தலையசைப்பு, போனால் தலையசைப்பு. மாப் பிசையவும் வரவில்லை. கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன். கேற் திறக்கிற சத்தம் கேட்டால் வேறு சமையற்காரி வருகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அந்த வயதில் எனக்கு இன்னொரு வீடு கிடைக்காது. என்றாலும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை.

4. கை

ஞாயிறு கூட்டம் முடிகிற நேரம் மெடம் குசினிக்கு வந்து, "ஹோலுக்கு வா," என்றார். எல்லாருக்கும் முன்னால் வைத்து வேலையால் நிற்பாட்டப் போகிறார் என்று நினைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் போனேன்.

மெடம் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி. டீச்சர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சனம் காத்திருந்தது. கேள்வியைத் தமிழில் சொல்லுமுன் டீச்சர் தன் வலது கையை மேலே தூக்கினார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. மெடத்தின் இங்கிலிஷைக் கேட்டிருந்த எனக்கு விளங்கியது.

தூக்கின கையை இறக்காமலே டீச்சர் சொன்னார்: "மெடம் கேக்கிறா, இதில ஆர் ஆர் உண்மையா வீட்டை விட்டு நடந்தனீங்கள் எண்டு."

பிள்ளைகளைத் தவிர ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. மெடம் ஒரு கதிரையைப் பிடித்து அதில் இருந்தார். இத்தனை மாதமும் பூட்டியின் கதையை இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் மரியாதைக்கு "ஓம், ஓம்" என்று கேட்டிருக்கிறார்கள். பாவாடைக்கு அளவும் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்கட பூட்டியும் வாய் திறந்து ஒண்டும் சொன்னதில்லையாம்," என்றார் மெடம். "நாங்கள் சொல்லுறதெல்லாம் பேரப்பிள்ளைகள் சேர்த்துக்கொண்ட கதை. இந்த நடை வேண்டாமெண்டால் விடுவம்."

பின்வரிசையில் இருந்த, வீடு கட்டுகிற மேசன் ஒருவர் எழும்பினார். "ஏன் விடவேணும்? நடப்பம். இந்த முறையாவது பின்னால வெடிச் சத்தம் கேக்காமல் ஒரு வண்டியத் தள்ளிப் பாப்பம்."

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஹோல் முழுக்கச் சிரித்தது. மெடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்தப் பகிடியை ஒரு சொல்லும் குறைக்காமல் இங்கிலிஷில் சொன்னார். மெடம் சிரிக்கவில்லை.

நான் குசினிக்குத் திரும்பியதும் மெடம் என் பின்னால் வந்து நின்றார். "நீ வேலையை விட்டுப் போவாயோ என்று கேட்கப் பயந்துதான் கதைக்காமல் இருந்தேன்," என்றார். "தொப்பி வேண்டாம். வர விருப்பமில்லாவிட்டால் வரவும் வேண்டாம்."

நான் என் சாறியோடே போனேன். கப்பல்துறை வெட்டையில் வண்டிச் சில்லுப் புழுதியில் புதைய, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். பின்னால் நான் ஒரு பக்கம், டீச்சர் மற்றப் பக்கம்.

"நீங்கள் எந்தப் பக்கத்தால போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"நிலாவெளிக் காட்டுக்குள்ளால முல்லைத்தீவுக்கு. சின்னப் பிள்ளை அப்ப. தம்பியத் தூக்கிக்கொண்டு."

"தம்பி இப்ப எங்க?"

டீச்சர் குனிந்து வண்டியைத் தள்ளினார். நானும் தள்ளினேன்.

வீட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். மனதில் இருப்பதை இன்னொருவரின் வாயில் ஏற்றி அனுப்பாதீர்கள். தெரிந்த அரைகுறைப் பாஷையில் நீங்களே சொல்லுங்கள். பிழைத்தாலும் விளங்கும். நடுவில் நிற்கிற ஆளுக்கு உங்கள் சொல் எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியாது.