கிளட்ச் மிதித்த கால்

அட்டுவம்பட்டியில் எனக்கு ஒரு ஒர்க்ஷாப் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அங்கே வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று வாய் கிழியப் பேசுவேன். அந்த வாயால்தான் குழந்தைவேல் அண்ணனின் கால் போனது.

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. எங்கள் தெருவுக்கு மேல்தெரு. மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போட்ட குடும்பத்தில் பிறந்தவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பழைய சின்னக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு டீச்சர்களை வெள்ளனே கூட்டிப் போய் சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். முப்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மலை ரோட்டில் டூரிஸ்ட் எவனாவது வளைவில் ஏற முடியாமல் முழித்தால், தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய் அவன் வண்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவார். அதுக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அந்த மனுஷனுக்கு வேறு பெருமையே கிடையாது.

போன ஜனவரியில் ஒருநாள் வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏலே குமாரு, வண்டி பல்லக் கடிக்குதுடா. கியர் போட்டா கர்ருங்குது. டீச்சர் ரெண்டு பேரும் காதப் பொத்துறாங்க."

"எந்தக் கியர்ல அண்ணே?"

"எல்லாத்துலயுந்தான்."

ஒரு கியரில் மட்டும் கடித்தால் கியர் பெட்டிக்குள் பல் தேய்ந்திருக்கும். எல்லாவற்றிலும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். கேபிளை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கியர் ஆயிலை மாற்றினேன். மறுநாளும் கடித்தது. பெட்டியை இறக்கி கிளட்ச் பிளேட்டைக் கழற்றினேன். அது இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சின்ன வண்டி என்னை இந்தப் பாடு படுத்துவதா?

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே பெருமாள்மலை வரைக்கும் ஓட்டிப் போனேன். ஒரு சத்தம் இல்லை. திரும்பும்போது அண்ணனை ஓட்டச் சொன்னேன். இரண்டாவது கியருக்கே கர்ர். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

"கிளட்ச்ச மிதிங்க அண்ணே. முழுசா."

மிதித்தார்.

"தரையத் தொட்டுருச்சா?"

"தொட்டுருச்சே."

தொடவில்லை. பெடலுக்கும் தரைக்கும் நடுவே என் நாலு விரல் தாராளமாகப் போனது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தொட்டுவிட்டது என்கிறார்.

"என்னண்ணே இது? கால்ல உணர்ச்சி இல்லையா?"

"குளிருக்கு மரத்துக் கெடக்குடா. மார்கழியில இருந்தே இப்பிடித்தான். வெயில் வந்தாச் சரியாயிரும்."

இந்த ஊரில் மார்கழி, தை மாதங்களில் யாருக்குத்தான் கால் மரக்கவில்லை? விடியக்காலையில் எனக்கே கட்டை விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் அவர் சொன்னதும் நம்பிவிட்டேன். அவருக்குச் சுகர் இருப்பது எனக்குத் தெரியும். பத்து வருஷமாக என் கடையில் சீனி போடாத டீதான் குடிக்கிறார். கேபிள், ஆயில், பிளேட் என்று ஒன்று விடாமல் சோதித்த நான், அதை மட்டும் யோசிக்கவே இல்லை. மடப்பயல்.

"கெளம்புறதுக்கு முன்னாடி கரியடுப்புப் பக்கத்துல கால் மணி நேரம் காலக் காட்டுங்க அண்ணே. சூடு ஏறிட்டா மரப்பு விட்டுரும். அப்புறம் கண்ணால பாத்து, தரை தட்டுற வரைக்கும் மிதிங்க" என்றேன்.

"செய்யிறேன். ஆனா உங்க மதினிகிட்ட மூச்சு விட்டுராத. கால் மரக்குதுன்னு தெரிஞ்சா வண்டிய வித்துட்டுத்தான் மறுசோலி பாப்பா. இது இல்லாட்டி நான் எங்கடா போவேன்?"

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வைத்தியம் பார்த்தேன் என்று நினைப்பு! அவர் பெடலைப் பார்த்துப் பார்த்து மிதித்ததால் வண்டி கடிக்கவில்லை, அவ்வளவுதான். காலில் உணர்ச்சி திரும்பவே இல்லை. மதினி பால் வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து, தினமும் அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் காலுறை கருகும் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். பாதம் வெந்துபோயிருந்தது. வலியே இல்லை.

அதையும் மறைத்தார். களிம்பு தடவி, காலுறையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் வண்டி ஓட்டியிருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்தபோதுதான் பாண்டிச்செல்வி மதினி காலுறையை உருவிப் பார்த்து, அலறிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தார். அண்ணன் வண்டியிலேயே இரண்டு பேரையும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மதினி கட்டிலருகில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"நெருப்புல காலக் காட்டச் சொல்லி எந்தப் பாவி சொன்னானோ, அவன் வெளங்குவானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லல. நானாத்தான் காட்டுனேன். சும்மா இருடி" என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்தேன். சுடுதண்ணி வாங்க மதினி பிளாஸ்க்கோடு வெளியே வந்தபோது சொல்லிவிட்டேன்.

"நாந்தான் மதினி சொன்னேன். மரத்துக் கெடக்குன்னாரு. குளிருன்னு நெனச்சுட்டேன். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டாரு."

செருப்பைக் கழற்றி அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பாவுக்கும் சுகருதான் தம்பி. மரத்த கால வெந்நியில வச்சாரு. வெந்து, புழுத்துச் செத்தாரு. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. காலு கழுவி விட்டவ நாந்தான். கண்ணாலம் ஆகி இந்தாளுக்குச் சுகருன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து, குளிக்கிற தண்ணியக்கூட நான் தொட்டுப் பாக்காம ஊத்த விட்டதில்ல. மரக்குதுங்கிற ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா, ரெண்டு பேரும்?"

"மதினி..." என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுடுதண்ணி வாங்கப் போனார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.