சாத்தப்பனின் அறுபதாம் கல்யாணம்

என் அக்காள் நாச்சாளின் கணவர் சாத்தப்பன் பிரிக்பீல்ட்ஸில் அச்சகம் நடத்தியவர். கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஐம்பத்தொன்பது வயதில் இதயம் வீங்கி, குளியலறை வரை நடக்கவே மூச்சு வாங்கியது. 1998 கடைசியில் யாரோ பெற்ற பிள்ளை விபத்தில் செத்து, அவன் இதயம் இவருக்கு வந்தது.

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். புது இதயத்தை உடம்பு அந்நியன் என்று தாக்கும். அதைத் தடுக்க மாத்திரை கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருக்கிறோம். இனிச் சாதாரணச் சளியே இவரைக் கொல்லலாம், கூட்டம் கூடாது. எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் மாதம் அவருக்கு அறுபது நிறைந்தது. செட்டியார் வீட்டில் அறுபதாம் கல்யாணம் செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அக்காள் அழுதாள். மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று பங்காளிகள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுதான் அத்தானைக் குத்தியது. முதலில் மறுத்தவர், தன் பத்திரிகையைத் தானே அச்சடித்தார். பக்கத்து ஊரான கிள்ளானில் மண்டபம் பிடித்தோம். டாக்டரிடம் யாரும் மூச்சு விடவில்லை.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், இருமல். தம்பதியை மணையில் உட்கார வைத்து உறவினர்கள் வரிசையாகக் கலச நீரைத் தலையில் ஊற்றுவார்கள். பெண்ணின் உடன்பிறந்தவன் வராவிட்டால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். கிருமிக்காக டாக்டர் போடச் சொன்ன முகமூடியை அத்தான் போட்டோவுக்காகக் கழற்றியிருந்தார். குனிந்து ஊற்றும்போது இருமிவிட்டேன்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் சிரித்தார். "ஒடம்பப் பாத்துக்க லா மாப்ள, ஒனக்குத்தான் டாக்டர் வேணும் போல."

பன்னிரண்டாம் நாள் நிமோனியா. அதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைத்தார்கள். குறைத்ததும் உடம்பு இதயத்தைத் தாக்கியது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். அறுபதைப் பார்த்துவிட்டுத்தானே போனார் என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் ஆறுதல் சொன்னார். அவரை அறையலாம் போலிருந்தது. அறை வாங்க வேண்டியவன் நான். யாரோ பெற்ற அந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் நாங்கள் இரண்டாம் முறை கொன்றோம்.

காரியம் முடிந்த அன்று அக்காளிடம் போய், என் இருமல்தான் அவரைக் கொன்றது என்று சொன்னேன். அவள் திகைப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ இருமிக்கிட்டே மண்டபத்துக்குள்ள வந்ததப் பாத்தேன் தம்பி," என்றாள். "அத்தன பேர் முன்னாடி ஒன்னப் போகச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."